பாடசாலை வாசலோடு திரும்பாதீர்கள்!

தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் வெங்காய மூட்டையின் வாயைப் பிரித்து, நாலு காயைக் கையில் உருட்டியதுமே அது எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவீர்கள். விலை பேசுகையில் எவருக்கும் அஞ்சமாட்டீர்கள். அந்தக் குரல் பிள்ளையின் பாடசாலைக்குப் போனதும் ஏன் தொண்டைக்குள் ஒடுங்குகிறது? கடைசி வாங்கில் ஒதுங்கி, பெற்றோர் கூட்டம் முடியுமுன் ஏன் நழுவுகிறீர்கள்?

"நான் எட்டாம் வகுப்புத்தான். எல்லாம் சேர் பார்த்துக்கொள்வார்." இந்தப் பேச்சை இன்றோடு விடுங்கள்! பிள்ளை எத்தனை மணிக்குத் தூங்குகிறான், எந்தக் கொப்பியை ஒளித்துவைக்கிறான், இரவு லொறியில் மூட்டை ஏற்றக் கூடமாட நின்றானா என்பதெல்லாம் உங்களுக்கு மட்டுமே தெரியும். நீங்கள் சொல்லாவிட்டால், காலையில் வகுப்பில் தூங்கி விழுபவனை ஆசிரியர் சோம்பேறி என்றுதான் நினைப்பார். நீங்கள் வாய்திறந்தால் அந்தப் பிள்ளையின் தலையெழுத்தே மாறலாம்.

1945இல் அன்றைய கல்வியமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி எவரும் போட்ட பிச்சையல்ல. கடையில் வாங்கும் பொருள்களுக்கு வரி கட்டும் உங்களுக்கு அந்தப் பாடசாலையில் பங்குண்டு. பாடசாலை அபிவிருத்திச் சங்கம் உங்கள் சங்கம். அதிபர்களே, உங்களிடமும் ஒரு வார்த்தை: கூட்டமென்றால் காசு கேட்பார்கள் என்ற பயத்தை முதலில் போக்குங்கள். இரவெல்லாம் சுமை தூக்கியவருக்குத் தோதான நேரத்தில் கூட்டத்தை வையுங்கள்.

படிக்காதவரால் பாடசாலைக்கு என்ன ஆகும் என்கிறீர்களா? தமிழ்நாட்டில் முதலமைச்சர் காமராசர் ஆட்சியில் 1958 முதல் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைப் பாருங்கள். கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராய்ப் போனார். பள்ளிப்படி மிதித்தறியாத கிராமத்தார் கட்டடமும் மேசையும் நாற்காலியும் கொடுத்தார்கள். மதிய உணவுக்கு அவர்கள் வீட்டிலிருந்தும் அரிசி வந்தது. ஊர் தாங்கிய பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகள் வயிறார உண்டு படித்தார்கள்.

அண்ணே, அக்கா, அடுத்த கூட்டத்துக்கு ஒருவராவது கட்டாயம் போங்கள். வகுப்பாசிரியரின் முகம் பார்த்துக் கேளுங்கள்: "என் பிள்ளை எந்தப் பாடத்தில் பின்தங்கியிருக்கிறான்? வீட்டில் நான் என்ன செய்யவேண்டும்?" பதில் விளங்காவிட்டால், விளங்கும்வரை திரும்பத் திரும்பக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை!