பிறக்காத பிள்ளையின் பங்கு

புத்தளம் மாவட்டத்து உடப்பில் கரைவலை ஏறுகிறது. இரண்டு கயிறுகளையும் பிடித்த ஆட்கள் அம்பாப் பாட்டுக்கு அடியெடுத்துப் பின்வாங்கி இழுக்கிறார்கள். மடி மணலுக்கு வந்ததும் பெரிய மீன் கூடைக்குப் போகிறது; விரல் நீளம்கூட வளராத குஞ்சுகள் மணலிலேயே துடித்து அடங்குகின்றன. விற்ற காசில் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு ஒரு பங்கு, கயிறு பிடித்தவர்களுக்கு மீதிப் பங்கு. இனிப் பிறக்கப்போகும் பிள்ளைக்கு இந்தக் கணக்கில் இடமில்லை.

மேற்கே கடல், கிழக்கே முந்தல் களப்பு, நடுவே ஒடுங்கிய மணல் நிலத்தில் நெருங்கிய வீடுகள். இப்படியோர் ஊரைப் பார்த்ததும் "சனம் பெருத்துப்போச்சு" என்று தீர்ப்பு எழுதுவது எளிது. அரசுகளும் அப்படித்தான் எழுதின. 1980-இல் இலங்கை அரசு கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொள்வோருக்கு 100 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது. பின்னர் அது 500 ஆனது. வசதியுள்ள வீட்டில் அந்தக் காசை யாரும் எண்ணிப் பார்க்கப் போவதில்லை. அடுப்பு எரியாத வீட்டிலோ, அதை வேண்டாம் என்று சொல்லப் பெரிய மனவுறுதி வேண்டும். பசியின் முன்னால் காசை நீட்டி வாங்கும் சம்மதம் சம்மதமே அல்ல. இந்தியாவில் நெருக்கடிநிலையின்போது நடந்தது இதைவிடக் கொடுமை: 1976-77 என்ற ஒரே நிதியாண்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடைச் சத்திரசிகிச்சைகள். நாளைய சந்ததியின் பெயரைச் சொல்லி இன்றைய ஏழையின் உடம்பில் கத்தி வைத்தார்கள்.

அதற்காக, எண்ணிக்கை ஒரு பொருட்டே இல்லை என்று சொல்வதும் நேர்மையாகாது. ஒரு கரையில் ஒரு நாளில் இத்தனை வலைதான் விடலாம். உரிமை கேட்கும் பேரப்பிள்ளைகள் கூடினால் ஒவ்வொருவருக்கும் முறை தள்ளித்தான் வரும். ஆனால் அந்த எண்ணிக்கை இலங்கையில் எப்படிக் குறைந்தது என்பதைப் பார்க்க வேண்டும். 1960-களில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஐந்து பிள்ளைகள், இன்று இரண்டளவில். பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், மருத்துவமாது வீடு தேடி வந்தார், பெற்ற பிள்ளை சாகாது என்ற நம்பிக்கை தாய்க்கு வந்தது. இவை எதற்கும் யாரையும் மிரட்ட வேண்டியிருக்கவில்லை.

பிள்ளைகள் குறைந்த இதே காலத்தில்தான் களப்பு சீரழிந்தது. 1980-களிலும் 90-களிலும் புத்தளம் மாவட்டத்துக் களப்போரங்களில் கண்டல் மரங்களை வெட்டி இறால் பண்ணைகள் போட்டார்கள். ஒரு பண்ணை கழித்த நீர் களப்புகளை இணைக்கும் ஒல்லாந்தர் கால்வாயில் விழுந்தது. அதே நீரை அடுத்த பண்ணை மோட்டர் வைத்து உள்ளே இழுத்தது. 1996-இல் வெண்புள்ளி நோய் வந்தபோது பண்ணை பண்ணையாக இறால் செத்தது. முதல் போட்டவர்கள் பலர் ஊரைவிட்டுப் போனார்கள். பண்ணைக் குளங்கள் அப்படியே கிடந்தன. கண்டல் வேரடியில் ஒதுங்கி வளரும் இறால் குஞ்சுக்கும் மீன் குஞ்சுக்கும் இடமில்லாமல் போனது. இந்த அழிவு எந்தத் தாய் பெற்ற ஐந்தாவது பிள்ளையால் வந்தது?

எத்தனை பிள்ளை என்பது பெற்றுக்கொள்ளும் பெண்ணின் முடிவு. அந்தப் பிள்ளைக்குக் களப்பு மிஞ்சுமா என்பதுதான் அரசின் பொறுப்பு. இனிப் பிறப்பவர்கள் வழக்காட முடியாது, வாக்குப் போட முடியாது; அவர்கள் சார்பில் இன்று கேட்கக்கூடியது ஒன்று உண்டு. கைவிட்ட குளங்களில் கண்டலை மீண்டும் நட்டு வளர்க்கும் செலவை, கண்டலை வெட்டி இலாபம் எடுத்தவர்களிடமே அரசு அறவிட வேண்டும்.