முடிச்சும் கணுவும்: மிருணாளினி முகர்ஜியின் சிற்பங்களை முன்வைத்துக் கைவினையின் தகுதி குறித்த ஒரு நோக்கு

முன்னுரை

கைவினையிலிருந்து தம் செய்முறையைப் பெறும் கலைஞரைக் குறித்து எழுதுவோர், 'அவர் கைவினையைக் கலையாக உயர்த்தினார்' என்று கூறுவது வழக்கம். பாராட்டாகவே சொல்லப்படும் இத்தொடர், கைவினை தாழ்ந்தது என்னும் முடிவை முன்கூட்டியே ஏற்றுக்கொள்கிறது. அம்முடிவு அறநோக்கில் பொருந்துமா என்பதை மிருணாளினி முகர்ஜியின் (1949-2015) சிற்பங்களைக் கொண்டு ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

சிற்பியும் கயிறும்

ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜி, சிற்பி லீலா முகர்ஜி ஆகியோரின் மகளான இவர், பரோடாவில் கே. ஜி. சுப்ரமணியனிடம் சுவரோவியம் பயின்றார். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளியல் படித்துப் பின்னர்ச் சாந்திநிகேதன் சென்ற சுப்ரமணியன், கைவினை மரபைக் கலைக்கல்வியின் உள்ளே கொணர்ந்தவர். 1970களின் தொடக்கம் முதல் மிருணாளினி, சந்தையில் வாங்கிய சணல் கயிற்றுக்குச் சாயமேற்றி, கையால் முடிச்சிட்டுப் பேருருவங்களைச் சமைத்தார். 'யட்சி' (1984), 'வனஸ்ரீ' (1994) முதலியவற்றில் பெண்ணுரு எங்கு முடிகிறது, செடி எங்குத் தொடங்குகிறது என்று வரையறுத்தல் அரிது. பிற்காலத்தில் சுடுமண்ணிலும் வெண்கலத்திலும் படைத்தார்.

முடிச்சும் கணுவும்

இவர் முன்வரைவு ஏதுமின்றிப் பணிபுரிந்தார். இட்ட முடிச்சே இடவேண்டிய முடிச்சின் இடத்தைக் காட்டியது. மூங்கிலும் இவ்வாறே கணுவின்மேல் கணுவாக வளர்கிறது. ஆதலின் இவர் இயற்கையிடமிருந்து பெற்றது மலரின் தோற்றத்தை மட்டுமன்று, அதன் வளர்முறையையும் ஆகும். அவ்வளர்முறையைக் கயிற்றில் நிகழ்த்த இவருக்குத் துணைநின்றது, ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்யும் கைவினையின் பயிற்சியே.

மறுப்பும் விடையும்

கைவினைஞர் பயன்கருதிப் பழையதை மீளச் செய்கிறார், கலைஞரோ புதியதைப் படைக்கிறார் என மறுக்கலாம். இது நோக்கத்தின் வேறுபாடேயன்றித் தகுதியின் வேறுபாடன்று. மேலும், மீளச் செய்தலிலிருந்தே புதுமை பிறத்தலை மேற்கண்ட சிற்பங்கள் காட்டுகின்றன. இத்தகைய பிரிவினை நம் இலக்கியத்தில் எங்கும் காணப்படுவதும் அன்று. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை, மருவூர்ப்பாக்கத்து மாந்தரைத் தொகுத்துரைக்கையில் கொல்லரையும் தச்சரையும் ஓவியரையும் சுதையுருச் செய்வோரையும் ஒரே நிரலில் நிறுத்துகிறது. ஓவியரையும் அது 'வினைஞர்' என்றே சுட்டுகிறது. எனினும் நிரலில் ஒன்றாக நிற்றல் வாழ்வில் ஒப்பாக மதிக்கப்பட்டமைக்குச் சான்றாகாது என்பதையும் மனங்கொள்ள வேண்டும்.

முடிவுரை

2019இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகம் மிருணாளினியின் படைப்புகளைத் தனிக் கண்காட்சியாக வைத்தது. அங்குச் சிற்பிக்குப் பெயர் உண்டு. கயிறு திரித்தவர்க்கும், முடிச்சைத் தலைமுறைகளாகக் காத்தவர்க்கும் பெயர் இல்லை. இது சிற்பியின் குறையன்று. கலையைப் பற்றி எழுதுவோரின் பொறுப்பு. பெயர்கள் மீட்க இயலாதவையாயினும் கடனைப் பதிவு செய்ய இயலும். எனவே 'உயர்த்தினார்' என்னும் சொல்லைத் தவிர்த்து, 'பெற்றுக்கொண்டார்' என்று எழுதுவதும், எதை, எத்தொழிலாரிடமிருந்து பெற்றார் என்று விளக்குவதும் திறனாய்வாளரின் கடமையாகின்றன.