தொகை சரி, கணக்கு சரியோ?

ஒருவன் சொல்லும் சொற்களில் ஒன்றேனும் பொய்யில்லை. எனினும் கேட்டவர் பொய்யை நம்பிச் செல்கின்றனர். அவனை மெய்யன் என்பதா, பொய்யன் என்பதா? விஞ்ஞானத்தின் பெருவெற்றியொன்று இவ்வினாவை நம்முன் வைக்கின்றது.

அமெரிக்காவில், கலிபோர்னியா மாகாணத்து லிவர்மோர் நகரிலுள்ள ஆராய்ச்சிச் சாலையில், 192 லேசர் கதிர்கள் பொன் பூசிய சிறு குழலொன்றினுள் ஒரே கணத்திற் பாய்கின்றன. குழலின் சுவரில் எழும் எக்ஸ் கதிர்கள், நடுவிலுள்ள, கடுகினும் சற்றே பெரியதோர் உருண்டையை நசுக்குகின்றன. அதனுள் உறைந்திருக்கும் டியூட்டீரியம், டிரிட்டியம் என்னும் இருவகை ஹைட்ரஜனின் அணுக்கருக்கள் இணைந்து ஹீலியமாகின்றன. சூரியனுக்கு ஒளி தரும் வினைக்கு இனமான வினை இது. 2022-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள், 2.05 மெகாஜூல் ஒளியாற்றல் உட்செல்ல, 3.15 மெகாஜூல் வெளிவந்தது. இட்டதினும் மிகுதி கிடைத்ததென உலகெங்கும் செய்தி பரவிற்று.

அச்செய்தி மெய்யே. ஆயின், அந்த லேசர்களை எழுப்புவதற்கு மின்கம்பியினின்று எடுத்தது ஏறத்தாழ 300 மெகாஜூல். அதனையும் பற்றெழுதினால், செலவிட்டதில் நூற்றிலொரு பங்கே திரும்பிற்று. மேலும், அந்நிலையம் மின்சாரம் விற்பதற்காக எழுந்ததன்று. 1992-ல் அணுகுண்டு வெடிப்புச் சோதனைகளை நிறுத்திய அமெரிக்கா, தன் கையிருப்புக் குண்டுகளின் நிலையை வெடிக்காமலே அறியும் பொருட்டே முதன்மையாக அதனை நிறுவிற்று. இவ்விரண்டையும் விஞ்ஞானிகள் மறைத்தாரல்லர். வெற்றியை அறிவித்த போதே கூறினர். பாதியை மட்டும் சுமந்து சென்றவர் செய்தியைப் பரப்பினோரும் கேட்டோருமே.

எல்லையில்லாத கணக்கு எங்கும் இல்லை என்பதைப் பேரேடு எழுதும் நாம் அறிவோம். உருண்டையை மட்டும் ஆராய்வோனுக்கு அவ்விரு தொகைகளே போதும். தான் கொண்ட எல்லையை வெளிப்பட உரைப்பவன் மெய்யன். எல்லையை மறைத்துத் தொகையை மட்டும் உரைப்பவனோ, தொகை சரியாயினும், பொய்யனே.

“மக்களுக்கு நம்பிக்கை வேண்டும், முழுக்கணக்கையும் சொன்னால் ஊக்கம் குன்றும்” என்பார் உளர். இது புரோகிதரின் பழைய வாதமன்றோ? அறியாமையின் மேல் எழுப்பிய நம்பிக்கை அறிவு வந்த அன்றே இடியும். முழுக்கணக்கு அவ்வெற்றியைச் சிறுமைப்படுத்துவதுமன்று. பல்லாண்டு முயன்றும் கிட்டாதது கிட்டியது. செல்ல வேண்டிய தூரமும் தெரிந்தது. தூரம் அறிந்து நடப்பவனே வழியில் சோர்வதில்லை.

படைக்கலத்தின் பொருட்டுப் பிறந்த அறிவு ஒருநாள் வீட்டில் விளக்கேற்றவும் கூடும். அதனை நாம் வெறுக்க வேண்டுவதில்லை. ஆனால், அது எதற்காகப் பிறந்தது என்பதை மறந்தோர், எப்பக்கம் திரும்புகிறது என்பதையும் காணமாட்டார்.

ஆதலின், தோழர்களே, எவர் எத்தொகையைப் பெருமையுடன் உரைப்பினும், “கணக்கு எங்கே தொடங்கிற்று?” என்று கேட்கப் பழகுவோமாக.