ஆழ்வான் திரும்பிச் சென்ற வாசல்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

காஞ்சிக்கு அணித்தான கூரத்தில் அவதரித்து, பெருஞ்செல்வத்தைத் துறந்து திருவரங்கம் சேர்ந்தவர் கூரத்தாழ்வான். அவர் கண்ணிழந்த வரலாறு வைஷ்ணவ இல்லங்களில் குழந்தைகளும் அறிந்ததே. தன் மதத்துக்கு இசைந்து கையெழுத்திடும்படி எம்பெருமானாரைச் சோழமன்னன் அழைப்பித்தான். ஆசார்யருடைய காஷாயத்தைத் தாம் தரித்து ஆழ்வான் ராஜசபைக்குச் சென்றார். வெள்ளாடை சாற்றிக்கொண்டு ஸ்வாமி மேல்நாட்டுக்கு எழுந்தருளினார். ஆழ்வான் கையெழுத்திடவில்லை, கண்கள் போயின. உடன் சென்ற பெரிய நம்பிகளும் கண்ணிழந்து, திரும்பும் வழியிலேயே திருநாட்டுக்கு எழுந்தருளினார். (குருபரம்பரை நூல்கள் கிருமிகண்டன் என்று குறிக்கும் அம்மன்னன் யார் என்பதில் சரித்திர ஆசிரியர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு.)

இதன்பின் நடந்ததே ஆழ்ந்து அநுபவிக்கத்தக்கது.

திருவரங்கம் மீண்ட ஆழ்வான் பெருமாளை ஸேவிக்கச் சென்றார். எம்பெருமானாருடைய ஸம்பந்தம் உள்ளவர்களை உள்ளே விடலாகாது என்பது அப்போதைய ராஜாக்ஞை. வாசலில் ஒரு காவலன் தடுத்தான். மற்றொருவனோ, “இவர் நற்குணமே உருவானவர், இவரை விடலாம்” என்றான். இங்கே அச்சுறுத்தல் இல்லை. ஆழ்வான் ஒரு சொல்லும் சொல்ல வேண்டியதில்லை. மௌனமாக உள்ளே நடந்தால் போதும். ஆயினும் அவர் பின்வாங்கினார். ஆத்மகுணம் ஆசார்ய ஸம்பந்தத்துக்கு உறுப்பாக வேண்டியிருக்க, தமக்கு அதுவே அந்த ஸம்பந்தத்தை அறுப்பதாயிற்றே என்று வருந்தி, அரங்கனை ஸேவியாமலே திரும்பினார். பிறகு குடும்பத்துடன் திருமாலிருஞ்சோலையில் சென்று வஸித்தார். ஸுந்தரபாஹு ஸ்தவம் அழகர் ஸந்நிதியில் பிறந்த ஸ்தோத்ரம்.

இக்காலத்தில் கையெழுத்துக் கேட்டு அரசன் ஆள் அனுப்புவதில்லை. அந்த இரண்டாவது காவலன்தான் வருகிறான். “தாங்கள் நல்லவர், அது போதாதா? திருமண் எதற்கு?” என்று அலுவலக நண்பர் பரிவோடு கேட்கிறார். ஏகாதசியன்று விருந்துக்கு அழைத்தவர், “இன்று ஒரு நாள்தானே” என்று உபசரிக்கிறார். அவர்களிடம் தீய எண்ணம் சிறிதும் இல்லை. மறுப்பது கடினமாவதும் அதனாலேயே! ராஜசபையில் கண்ணைக் கொடுத்தவருக்கும் கோயில் வாசலில் இன்னொரு சோதனை வைத்திருந்தான் எம்பெருமான்.

அம்மன்னன் மாண்டபின் திருவரங்கம் மீண்ட எம்பெருமானார், பேரருளாளனிடம் கண்ணை வேண்டிப் பெறுமாறு ஆழ்வானை நியமித்தார். காஞ்சியில் வரதராஜ ஸ்தவத்தை விண்ணப்பம் செய்த ஆழ்வானிடம், வேண்டுவது யாது என்று வரதன் கேட்டான். மன்னனுக்கு யோசனை கூறித் தம் கண்ணிழப்புக்குக் காரணமான நாலூரானும், தாம் பெறும் பேற்றையே பெற வேண்டும் என்றார் ஆழ்வான். பெருமாளும் அவ்வாறே அருளினான்.