பாலத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்

எங்கள் ஊர்க் காவல் நிலையத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பொதுமக்கள் நல்லுறவுக் கூட்டம் நடக்கும். வாசலில் சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள், டீ, மிக்சர். வணிகர் சங்கத்தார், குடியிருப்போர் நலச் சங்கத்தார், திருமண மண்டப உரிமையாளர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்கள் வருவார்கள். நாற்பது பேரில் பெண்கள் ஐந்தாறு பேர். புகைப்படத்துக்காக எங்களை முன்வரிசையில் உட்கார வைப்பார்கள். கல்லூரியின் சார்பில் ஆறு ஆண்டுகளாக நான் போகிறேன். அங்கே நான் சொன்ன ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பேருந்து நிலையத்திலிருந்து மாணவியர் விடுதிக்குப் போகும் வழியில், வாய்க்கால் பாலத்தருகே, பைக்கில் வந்த ஒருவன் என் மாணவியின் உடலைத் தொட்டு இழுத்துவிட்டுப் போனான். அவள் இரண்டு நாள் வகுப்புக்கு வரவில்லை. அந்த வாரக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். ஆய்வாளர் கேட்டார்: "யாருன்னு அடையாளம் தெரியுமா மேடம்?"

தெரியாது என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா சாயங்காலம் அந்தப் பாலத்துல பசங்க எப்பவும் உட்கார்ந்திருக்காங்க சார்" என்றும் சொன்னேன். கைதட்டினார்கள். துணிச்சலாகப் பேசியதாக மண்டப உரிமையாளர் பாராட்டினார். எனக்கும் நிறைவாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் இரவு, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் காலனியிலிருந்து நான்கு பேரைக் கூட்டிப்போய் விடியும்வரை ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். செல்போனைப் பிடுங்கிக்கொண்டு, முடியை ஒட்ட வெட்டி, இனி பாலத்துக்கு வரமாட்டோம் என்று எழுதி வாங்கி அனுப்பினார்கள். 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் கைதுக்கு நிபந்தனைகள் விதித்தது: கைதுக் குறிப்பு வேண்டும், அதில் சாட்சியின் கையெழுத்து வேண்டும், உறவினருக்குத் தகவல் போக வேண்டும். ஆனால் இவர்களை யாரும் கைது செய்யவில்லையே. "சும்மா விசாரிச்சோம்", அவ்வளவுதான். எந்தத் தாளிலும் அந்த இரவு இல்லை.

நால்வரில் ஒருவன் என் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தியின் அண்ணன். அவள் துறை அறை வாசலில் வந்து நின்றாள். கோபமாகப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அம்மா, நீங்க சொல்லித்தான் புடிச்சாங்கன்னு ஊர்ல சொல்றாங்க. எனக்கு ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சு இருட்டுல வர பயமில்லாம இருந்ததே அண்ணன் அங்க இருக்கான்னுதாம்மா."

அதன்பின் பல நாள் அந்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அதில் பொய் இல்லை. பையன்கள் உட்கார்ந்திருந்தது உண்மை. கோயில் திடலில் அவர்களை உட்கார விடமாட்டார்கள். டீக்கடை பெஞ்சிலும் நீண்ட நேரம் முடியாது. மிச்சம் இருப்பது பாலத்தின் கைப்பிடிச் சுவர். என் மாணவியைத் தொட்டவனோ பைக்கில் வந்து போனவன். இஸ்திரி போட்ட சட்டை, நடுத்தர வயது என்று அவள் தெளிவாகச் சொல்லியிருந்தாள். அதைக் கேட்ட என் வாயிலிருந்து ஏன் பாலத்துப் பையன்கள் வந்தார்கள்? போனவனைக் காட்ட முடியவில்லை, இருந்தவர்களைக் காட்ட முடிந்தது. யாரைச் சுட்டினால் அந்தச் சபை உடனே நம்பும் என்பது என் சாதிக்குத் தெரிந்திருந்தது. நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

தமிழகத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் திறக்கப்பட்டது. அதே 1992 ஜூனில்தான் வாச்சாத்தி. வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் சேர்ந்துபோய் ஒரு பழங்குடிக் கிராமத்தைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு உள்ளானார்கள். குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வர 2011 ஆயிற்று. இரண்டையும் ஒவ்வொரு ஆண்டும் ஒரே வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் அந்த முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஆயிரம் விளக்கு மட்டும்தான் நினைவில் இருந்தது.

1993இல் ராமநாதபுரத்தில் காவல்துறை அதிகாரி பிரதீப் வி. பிலிப் தொடங்கிய 'காவல் நண்பர்கள்' அமைப்பைப் பலரும் மறந்திருக்கலாம். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் சித்திரவதைக்கு உள்ளாகி இறந்தபோது அந்த அமைப்பினர்மேலும் புகார் எழுந்தது. ஜூலையில் அரசு அதற்குத் தடை விதித்தது. லத்தி பிடித்த குடிமக்களைப் பற்றி அப்போது காட்டமாகப் பேசியவர்களில் நானும் ஒருத்தி. என் கையில் லத்தி இருந்ததில்லை. கூட்டத்தில் மைக் இருந்தது.

(சங்க அகப்பாடல்களில் ஊர்க்காவலர்கள் வருவது பெரும்பாலும் காதலர் இரவில் சந்திப்பதற்குத் தடையாகத்தான். அகம் நடத்தும்போதெல்லாம் மாணவிகள் சிரிப்பார்கள். விடுதி வார்டனை நினைத்துக்கொண்டுதான்.)

இனிப் போகாதே என்றார்கள் தோழிகள். போகாமலிருந்தால் என் கை சுத்தமாக இருக்கும், சரிதான். ஆனால் நான் இல்லாத கூட்டங்களிலும் 'பெண்கள் பாதுகாப்பு' பேசப்படும். ஒருமுறை நான் ஊரில் இல்லாதபோது, விடுதிக் கதவை ஆறு மணிக்கே பூட்ட வேண்டும் என்றும், பூங்காவில் ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்கார்ந்தால் பெற்றோருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்றும் கோரிக்கை வைத்திருக்கிறார்கள். அதுவும் எங்களுக்காகத்தான்! தொடப்பட்ட மாணவியின் பயமும் உண்மை. என் பிழைக்குப் பரிகாரமாக அவளை வாயை மூடச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

அடுத்த கூட்டத்துக்குப் போனேன். நான் சொன்னது தவறு, அந்த நால்வருக்கும் இதில் தொடர்பில்லை, அவர்களிடம் எழுதி வாங்கியதைக் கிழித்துப்போட வேண்டும் என்று எழுந்து சொன்னேன். யாரும் கைதட்டவில்லை. புதிதாக வந்திருந்த ஆய்வாளர், "அதெல்லாம் முடிஞ்சுபோன விஷயம் மேடம்" என்றார். கூட்டக் குறிப்பில் எழுதச் சொன்னேன். எழுதினார்கள். பிறகு வாங்கிப் பார்த்தேன்: 'பேராசிரியர் பெண்கள் பாதுகாப்பு குறித்துப் பேசினார்.' இரண்டு மாதத்துக்கு முந்தைய பக்கத்திலும் அதே வரிதான் இருந்தது.

அண்ணனைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். "வேண்டாம்மா, வீட்டுக்கு வந்தீங்கன்னா தெருவே கூடும். அவனுக்கு முடி வளரட்டும்" என்றாள். உங்கள் அம்மாவைக் கூட்டத்துக்கு அழைத்துவரலாமா என்று கேட்டதற்கு, "பேசிட்டு எங்கம்மா அதே தெருவுக்குத்தானம்மா திரும்பி வரணும்" என்றாள்.

பாலத்தில் இப்போது விளக்கு எரிகிறது. கேட்டது அதைத்தான். கேட்காத கேமராவையும் மாட்டியிருக்கிறார்கள், காலனிப் பக்கம் பார்த்தபடி. கைப்பிடிச் சுவரில் யாரும் உட்காருவதில்லை. அந்தப் பெண் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்தால் ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கி, பெரிய ரோடு வழியாகச் சுற்றிப் போகிறாள்.

அடுத்த கூட்டத்துக்கு நேற்று வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்தது. சனிக்கிழமை நான்கு மணி. இந்த முறை என்ன பேச வேண்டும் என்று அவளிடம் கேட்டேன்.

"பஸ்ஸை பாலத்தைத் தாண்டி நிறுத்தச் சொல்லுங்கம்மா" என்றாள். சற்று யோசித்துவிட்டு, "என் பேரைச் சொல்லாதீங்க" என்றாள்.