பகையின் குஞ்சு

பகை என்பது பொருளில் இருக்கிறதா, பார்ப்பவரின் நெஞ்சில் இருக்கிறதா? பாம்பிற்கு நஞ்சு உண்டு என்பது பாம்பின் இயல்பு. பாம்பு நமக்குப் பகை என்பது நாம் வழங்கிய தீர்ப்பு. இயல்பு வேறு, தீர்ப்பு வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டுவிடும்போதுதான் மனிதன் தவறான இடத்தில் வாளோங்குகிறான். இதனை விளக்கப் பழைய அறநூல்களைத்தான் புரட்டவேண்டும் என்பதில்லை. நம் இல்லத்துப் பிள்ளைகள் பொழுதுபோக்காக ஆடுகின்ற வீடியோ விளையாட்டு ஒன்றிலேயே இவ்வினா ஒளிந்திருக்கிறது. விளையாட்டுத்தானே என்று ஒதுக்கிவிடாமல், அதனை எடுத்து ஆராய்வது பயனுடைய செயலேயாகும்.

1986 ஆம் ஆண்டில் ஜப்பானிய நிறுவனமாகிய நின்டெண்டோ 'மெட்ராய்ட்' என்னும் விளையாட்டை வெளியிட்டது. விண்வெளியில் நிகழும் கற்பனைக் கதை அது. அதன் பெயரே அதில் வரும் ஓர் உயிரியின் பெயர்தான். கடலில் மிதக்கும் சொறிமீனைப் போன்ற வடிவம். கண்ணாடி போன்ற பசிய மேனி. உள்ளே சிவந்த கருக்கள். கீழே கூரிய பற்கள். சிறகின்றியே காற்றில் மிதந்து வரும். எதிர்ப்பட்ட உயிரைப் பற்றிக்கொண்டு அதன் உயிராற்றலை உறிஞ்சிவிடும். வேறு எதற்கும் அஞ்சாத இதற்குக் குளிர் மட்டும் ஆகாது. குளிர்க்கதிரால் உறையவைத்து, அதன்பின் ஏவுகணைகளால் தகர்த்தால்தான் இது மாயும். இதனை எதிர்த்துப் போராடும் வீரரின் பெயர் சாமஸ் அரன். கவசத்துக்குள் இருப்பவர் ஆண் என்றே எண்ணி ஆடியவர்கள், இறுதியில் அவர் ஒரு பெண் என்று கண்டு வியந்தனர்.

எண்ணிக்கையின் மயக்கம்

1991 ஆம் ஆண்டில் இத்தொடரின் இரண்டாம் விளையாட்டு வந்தது. விண்வெளிக் கூட்டரசு சாமஸுக்கு ஒரு கட்டளை இடுகிறது. இவ்வுயிரிகளின் பிறப்பிடமாகிய எஸ்.ஆர். 388 என்னும் கோளுக்குச் சென்று, ஒன்றுகூட எஞ்சாமல் இனத்தையே அழித்துவிட வேண்டும் என்பதே அது. திரையின் ஓரத்தில் ஓர் எண் தெரிகிறது. தொடக்கத்தில் அது 39. ஒவ்வொன்றைக் கொல்லும்போதும் எண் குறைகிறது. எண் குறையக் குறைய ஆடுகின்ற பிள்ளைக்கு மகிழ்ச்சி பெருகுகிறது.

இவ்விடத்தில் சற்று நிற்போம். உயிர் எண்ணாக மாறிவிட்டால், கொலையும் கணக்காக மாறிவிடுகிறது. கணக்கை முடிப்பவனுக்குத் தான் செய்வது இன்னதென்ற எண்ணம் தோன்றுவதில்லை. சுழியத்தை எட்டிவிட வேண்டும் என்ற ஒரே ஆவல்தான் அவனை நடத்துகிறது. மனித வரலாற்றில் பேரழிவுகள் பலவும் வெறியினால் மட்டும் நிகழ்ந்தவை அல்ல. அமைதியாக அமர்ந்து எண்ணிக்கொண்டிருந்தவர்களும் அவற்றை நடத்தியிருக்கிறார்கள்.

ஆனால், கதையின் முடிவில் ஒரு திருப்பம். தாய் மெட்ராய்டும் மாண்டபின், எஞ்சிய ஒரு முட்டை சாமஸின் கண்முன்னே வெடித்துக் குஞ்சு வெளிவருகிறது. முதன்முதல் கண்ட உருவத்தையே தன் தாய் என்று அது கொள்கிறது. தன் இனத்தை அழித்தவரையே அன்னையென்று சுற்றிவருகிறது. அவர் போகவேண்டிய வழியில் இருந்த அடைப்புகளைத் தின்று வழி திறக்கிறது. சாமஸ் அதனைக் கொல்லவில்லை. தம்முடன் அழைத்துச் செல்கிறார்.

இரக்கத்தின் விலை

அவர் செய்தது சரியா? இதுவே நம் வினா. 'ஆம், சரியே, அக்குஞ்சு பின்னாளில் நன்றி காட்டியதல்லவா?' என்று விரைந்து விடை சொல்லத் தோன்றும். 1994 ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் கதையில் அதற்குச் சான்றும் உண்டு. மதர் பிரெய்ன் என்னும் கொடிய பகையின் கையில் சாமஸ் உயிர்போகும் நிலையில் வீழ்ந்து கிடக்கையில், வளர்ந்துவிட்ட அக்குஞ்சு பாய்ந்து வந்து, பகையின் ஆற்றலை உறிஞ்சிச் சாமஸுக்கு ஊட்டித் தன்னுயிரை நீக்கிறது.

ஆயினும், அதே கதையின் தொடக்கத்தை மறந்துவிடலாகாது. சாமஸ் அக்குஞ்சை விண்வெளி ஆய்வுக்கூடம் ஒன்றில் அறிஞர்களிடம் ஒப்படைக்கிறார். அதனைக் கவர்வதற்காகவே ரிட்லி என்னும் பறக்கும் கொடுவிலங்கு அங்கே பாய்கிறது. அறிஞர்கள் மாண்டு கிடக்கின்றனர், ஆய்வுக்கூடமும் அழிகிறது. அந்நாளில் சாமஸின் செயலை எடைபோட்டிருந்தால், 'அன்று ஒரு குஞ்சைக் கொன்றிருந்தால் இத்தனை உயிர்கள் பிழைத்திருக்குமே' என்றுதான் உலகம் சொல்லியிருக்கும்.

ஆக, விளைவை வைத்து அறத்தை அளப்பதானால், ஆய்வுக்கூடம் அழிந்த நாளில் இரக்கம் பிழையாகிறது. குஞ்சு உயிர்கொடுத்த நாளில் அதுவே சரியாகிறது. நாளுக்கு நாள் மாறுகின்ற அளவுகோல் அளவுகோலாகுமா? செயலின் விளைவு பல கைகளைக் கடந்து வருகிறது. ஆய்வுக்கூடத்தில் நிகழ்ந்த கொலைகளுக்கு ரிட்லியின் கொடுமையன்றோ காரணம்? செய்பவரின் கையில் இருப்பது அந்த ஒரு வேளையும், அப்போது அவர் அறிந்ததுமே ஆகும். அவ்வேளையில் சாமஸ் கண்டது என்ன? எவருக்கும் எத்தீங்கும் இழைக்காத, அப்போதுதான் கண்விழித்த ஓர் உயிர். அதன்மேல் சாட்டக்கூடிய ஒரே குற்றம் அதன் பிறப்பு. பிறப்பைக் குற்றமாக்கித் தண்டனை வழங்க எந்த அறமும் இடந்தராது. அவர் இரங்கியது சரி. இரங்கியதோடு நில்லாமல், அதனைக் காப்பிலும் பொறுப்பிலும் வைத்ததும் சரி. நன்றி பின்னால் வந்தது. வராமற்போயிருந்தாலும் அச்செயல் அறமாகவே இருந்திருக்கும்.

அழிவுக்குப் பின்

2002 ஆம் ஆண்டில் வந்த கதை இவ்வினாவை மேலும் ஆழமாக்குகிறது. எஸ்.ஆர். 388 கோளில் 'எக்ஸ்' என்னும் ஒட்டுண்ணி ஒன்று மறைந்திருந்தது. தான் பற்றிய உயிரின் உருவையும் அறிவையும் அப்படியே எடுத்துக்கொள்ளும் வல்லமை அதற்குண்டு. அந்த ஒட்டுண்ணியை வேட்டையாடுவதற்கென்றே சோசோ என்னும் பறவையினத்து மூதறிஞர்கள் மெட்ராய்டுகளைப் படைத்திருந்தனர். வேட்டையாடுவது அழிந்தது; எனவே ஒட்டுண்ணி பெருகியது. மெட்ராய்டுகளை அழித்த சாமஸையே அது பற்றியது. அவரை மீட்டது எது? அந்தக் குஞ்சின் உயிரணுக்களிலிருந்து ஆக்கப்பட்ட தடுப்பு மருந்து! அது முதல் குளிரைத் தாங்காத அதன் இயல்பும் சாமஸின் உடலில் கலந்தது.

சோசோக்கள் அவ்வுயிரியைக் கருவியாகப் படைத்தனர். விண்வெளிக் கொள்ளையர் படைக்கலமாக்கத் திருடினர். கூட்டரசு ஒருபுறம் அழிக்கச் சொல்லிவிட்டு, மறுபுறம் மறைவாக வளர்த்தது. இத்தனைபேரின் கைகளுக்கும் இடையில் அவ்வுயிரியிடம் இருந்தது பசி ஒன்றுதான். வஞ்சம் இருந்ததாகத் தெரியவில்லை.

இது கற்பனைதானே என்பீர்கள். 1958 ஆம் ஆண்டில் சீன நாட்டில் நடந்தது கற்பனையன்று. எலி, ஈ, கொசு ஆகியவற்றுடன் சிட்டுக்குருவியையும் நாட்டின் பகையென்று அறிவித்தனர். தானியத்தைத் தின்கிறது என்பதே குருவியின்மேல் சாட்டிய குற்றம். மக்கள் திரண்டு தட்டுகளைத் தட்டி ஓசையெழுப்பி, அமர இடமில்லாமல் பறந்து பறந்து குருவிகள் சோர்ந்து விழச் செய்தனர். தானியத்தைத் தின்ற அதே குருவி பயிரைத் தின்னும் பூச்சிகளையும் தின்று வந்தது என்பதைப் பின்னரே உணர்ந்தனர். 1960 ஆம் ஆண்டில் குருவியைப் பட்டியலிலிருந்து நீக்கி, மூட்டைப்பூச்சியை அவ்விடத்தில் சேர்த்தனர். அதற்குள் மாண்ட குருவிகள் மாண்டவையே.

அப்படியானால் எதனையுமே அழிக்கலாகாதா? அவ்வாறு சொல்வது அறியாமையாகும். பெரியம்மை என்னும் கொள்ளைநோயை உலகத்தார் ஒன்றுகூடி ஒழித்தனர். 1980 ஆம் ஆண்டில் உலக சுகாதாரப் பேரவை அதனை முறையாக அறிவித்தது. அதற்காக வருந்துவார் யாருமில்லை. அந்நோய்க்கிருமி மனிதரிடையே மட்டும் வாழ்ந்தது. அதன் இயல்பை ஆராய்ந்து அறிந்தபின்னரே ஒழித்தனர். அவ்வாறிருந்தும், இரண்டு ஆய்வுக்கூடங்களில் பாதுகாப்பாக வைக்கப்பட்டுள்ள மிச்சத்தை அழிப்பதா, வைத்திருப்பதா என்று அறிஞர்கள் பல்லாண்டுகளாக வாதிட்டு வந்திருக்கின்றனர். அறிவு தயங்குகின்ற இடத்தில் அச்சம் தயங்குவதில்லை. குருவிக்கும் அம்மைக்கும் இடையிலான வேற்றுமை இதுவே: ஒன்றில் அச்சமும் ஆத்திரமும் தீர்ப்பளித்தன, மற்றொன்றில் ஆராய்ச்சி தீர்ப்பளித்தது.

நம் வீட்டில் பிள்ளை திரையின்முன் அமர்ந்து எண்ணைக் குறைத்துக்கொண்டிருக்கலாம். 'போதும், அணைத்துவிடு' என்று அதட்டுவது எளிது. அதனினும் நல்லது ஒன்றுண்டு. வாப்பாவோ உம்மாவோ அருகில் அமர்ந்து, 'இதனை ஏன் கொல்கிறாய்? இது உனக்கு என்ன செய்தது? இதனைப் பகையென்று உனக்குச் சொன்னவர் யார்?' என்று கேட்கலாம். பிள்ளை உடனே விடை சொல்லாமல் இருக்கலாம். ஆனால், இவ்வினாக்களைத் தனக்குத்தானே கேட்கப் பழகிவிட்ட பிள்ளை, நாளை எவரேனும் ஓர் இனத்தையோ, ஒரு தெருவையோ, ஓர் அண்டை வீட்டையோ சுட்டிக்காட்டி 'அதோ உன் பகை' என்று சொல்லும்போது, கையை ஓங்குமுன் ஒருகணம் நின்று பார்க்கும். அந்த ஒரு கணமே போதும், ஓர் உயிர் பிழைக்க.