சாயலும் பெயரும்

உயிருள்ள ஒன்றின் சாயலை உள்ளபடியே தீட்டுவது அவ்வுயிருக்குச் செய்யும் மரியாதையா, அல்லது அதனை உடைமையாக்கிக் கொள்ளும் ஆசையா? ஐரோப்பியர் தீட்டிய குதிரை ஓவியங்களைக் காணும்போது இவ்வினா நம்முன் எழுகிறது.

நெடுங்காலம் அந்நாட்டு ஓவியங்களில் குதிரை என்பது மன்னர் வீற்றிருக்கும் ஆசனமாகவே இருந்தது. ஜார்ஜ் ஸ்டப்ஸ் 1762 அளவில் தீட்டிய 'விசில்ஜாக்கெட்' அப்படிப்பட்டதன்று. சவாரி செய்பவர் இல்லை, சேணம் இல்லை, காலடியில் நிலமுமில்லை. ஏறத்தாழ ஒன்பதரை அடி உயரத் திரையில் குதிரை மட்டுமே நிற்கிறது. இலண்டன் தேசியக் கலைக்கூடத்தில் உள்ள அப்படத்தின் குதிரை, காடால்ஃபின் அரேபியன் எனும் அரபுக் குதிரையின் பேரன் என்பது நமக்குச் சுவையான செய்தி.

அந்தத் துல்லியம் வந்த வழியை எண்ணினால் மனம் கனக்கிறது. ஹார்க்ஸ்டோ என்னும் சிற்றூரில் ஏறத்தாழ 18 மாதங்கள் ஸ்டப்ஸ் குதிரைகளை இரத்தம் வடியச் செய்து கொன்று, உடல்களைக் கொக்கிகளில் நிற்பதுபோல் தொங்கவிட்டுத் தோல் தோலாக, தசை தசையாக அறுத்து வரைந்தார். 1766இல் வெளிவந்த அவரது குதிரை உடற்கூற்று நூல் அதன் பயனே.

உருவம் வரைந்தோரிடம், 'அதற்கு உயிர் கொடு' என மறுமையில் கேட்கப்படும் என்ற நபிமொழி எச்சரிக்கையை நம் வாசகர் அறிவர். ஆலிம்களுள் பெரும்பாலோர் இதில் கண்டிப்பானவர்கள். நிழல் விழும் சிலைக்கும் தட்டையான படத்துக்கும் வேறுபாடு கண்டோரும் உளர். அச்சட்டத்தை இங்கே விரிக்க நாம் முற்படவில்லை. சாயலைத் தவிர்த்த அரபியர், தனியொரு குதிரையை எவ்வாறு போற்றினர் என்பதே நம் கேள்வி. பெயராலும் வம்ச வரலாற்றாலும் போற்றினர். பெருமானார் (ஸல்) அவர்களின் குதிரைகளுக்கு ஸக்பு, முர்தஜிஸ் என்று பெயர்கள் இருந்தன. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த இப்னுல் கல்பீ, புகழ்பெற்ற குதிரைகளின் வம்சத்துக்கென்றே ஒரு நூல் செய்தார்.

நம் நாட்டு வழக்கம் வேறு. கடலூர், சிதம்பரம் வட்டாரச் சிற்றூர்களில் ஐயனார் முன் நிற்கும் மண்குதிரையும், சிதம்பரம் நிருத்த சபையின் கற்குதிரையும் எந்தவொரு தனிக் குதிரையின் சாயலுமல்ல. குதிரை என்னும் கருத்தின் வடிவங்கள்.

ஆயினும் ஸ்டப்ஸை மட்டும் குற்றங்கூறி நாம் தப்பிவிட இயலாது. பாண்டியர் காலத்தில் காயல் துறைக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளை இறக்கியவர் அரபு வணிகரே. குதிரையொன்றின் விலை 220 தீனார் என்றும், கடலில் இறந்தவற்றுக்கும் விலை தரப்பட்டது என்றும் வஸ்ஸாஃப் எழுதினார். இங்கே பேணத் தெரிந்தோர் இன்மையால் அவை மாண்டன என்றும், விற்பனை குன்றாதிருக்க வணிகர் குதிரை வைத்தியரை வரவிடவில்லை என்றும் மார்க்கோ போலோ குறிக்கிறார். வம்சம் எழுதிய மரபினர் கைகளிலேயே இது நடந்தது! அவற்றின் பெயரை எவரும் எழுதவில்லை. ஹார்க்ஸ்டோவில் தொங்கியவற்றின் பெயரையும் எழுதவில்லை.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே பரங்கிப்பேட்டையருகில் 1781 ஜூலை 1 அன்று ஹைதர் அலியின் பெருங்குதிரைப் படை அயர் கூட்டின் பீரங்கிகளை எதிர்கொண்டது. கூட்டின் உருவப்படம் இன்றும் இலண்டனில் இருக்கிறது.